சல்லித் தீவுகள்: மன்னார் வளைகுடாவில் ஒரு பெயர் வரலாறு

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி தமிழில் நன்கு வேரூன்றிய துறை. 1946-இல் வெளிவந்த ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' என்னும் நூல் அத்துறையில் நம் மாணவர் பலரை ஈடுபடுத்தியது. குடி, பாக்கம், பட்டினம், புரம் முதலாக ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் சொற்களை ஆராய்ந்து, அவ்வூர்களை அமைத்தார் யாவர், அமைத்தற்குக் காரணம் யாது என்பன போன்ற செய்திகளை அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். ஆயின், ஊரே இல்லாத இடங்களுக்கும் பெயர் உண்டு. கடலில் மறைந்து கிடக்கும் பாறைக்கும், அலை ஒதுக்கிய மணற்றிட்டுக்கும், ஒருவரும் குடியிராத தீவுக்கும் பெயர் இட்டு வழங்குவோர் நம் கடற்கரை மக்கள். அப்பெயர்களின்பால் நம் கவனம் அத்துணையாகச் சென்றதில்லை. அவற்றுள் ஒரு சிறு தொகுதியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரைக்கு அணித்தாக வரிசைபடக் கிடக்கும் தீவுகள் இருபத்தொன்று என்பது அரசினர் கணக்கு. இவற்றையும் இவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பெற்றது. 1989-இல், அதனை நடுவாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் அளவிற்கு உயிர்க்கோளக் காப்பகம் ஒன்றும் அமைந்தது. இத்தீவுகளை மண்டபம், கீழக்கரை, வேம்பாறு, தூத்துக்குடி என நான்கு கூட்டமாகப் பகுப்பர். எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டரே பரப்புடையவை. நடுத்தரமான ஓர் ஊரின் நன்செயும் புன்செயும் அதனினும் மிகும்.

இவ்விருபத்தொன்றனுள் மூன்றன் பெயர்கள் 'சல்லி' என முடிகின்றன. காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி என்பன அவை. முன்னைய இரண்டும் தூத்துக்குடிக் கூட்டத்தைச் சார்ந்தவை. மூன்றாவது வேம்பாற்றுக் கூட்டத்தது. இவற்றுள் விலாங்குச்சல்லி இன்று நீருக்குமேல் இல்லை. காரைச்சல்லி தேய்ந்துகொண்டே வருகிறது. மறைந்ததொரு தீவையும் மறையும் நிலையில் உள்ளதொரு தீவையும் பற்றி அவற்றின் பெயர் நமக்கு எதனைக் கூறுகின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதற்கண் தீவுப்பெயர்களின் பொதுவியல்பை நோக்குவோம். வேம்பாற்றுக் கூட்டத்தில் நல்லதண்ணி என்று ஒரு தீவும், உப்புத்தண்ணி என்று மற்றொன்றும் உள்ளன. குடிநீர் கிடைக்கும் இடம் இது, கிடைக்காத இடம் அது என்று பிரித்தறியும் தேவை கடலில் தொழில் செய்து களைத்து ஒதுங்குவார்க்கே உரியது. கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டி, முள்ளி என்பன மரஞ்செடிகளை நினைப்பூட்டுகின்றன. ஆனைப்பார் என்பது நீர்மூழ்கிய பாறையைக் குறிக்கும் 'பார்' என்னும் சொல்லை ஈறாகக் கொண்டது. வாலிமுனை நில அமைப்பைக் குறித்தது. மண்டபத்தின் அருகே உள்ள குருசடைத் தீவின் பெயர், கத்தோலிக்க மீனவர் வழக்கில் சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடத்தைக் குறிக்கும் 'குருசடி' என்பதனோடு தொடர்புடையதாதல் கூடும். ஆக, இத்தீவுகளில் மக்கள் வாழ்ந்திலர் எனினும், மக்கள் வந்து சென்றனர். நீர் தேடியும் மீன் தேடியும் காற்றுக்கு ஒதுங்கியும் வந்து சென்றவர் தத்தம் தேவை நோக்கி இட்ட பெயர்களே இவை. மன்னர் பெயரோ வள்ளல் பெயரோ இவற்றுள் இல்லை.

இனி, சல்லி என்னும் சொல்லைக் காண்போம். சிறிதாய் உடைந்த துண்டு என்பதே அதன் அடிப்படைப் பொருள். உடைகல், ஓட்டுச்சில் ஆகியவற்றை அது குறிக்கும். மிகச் சிறிய நாணயம் சல்லிக்காசு எனப்பட்டது. நுண்ணிய வேர் சல்லிவேர் எனப்படும். கண்ணாடி சல்லி சல்லியாய் நொறுங்கிற்று என்பது பேச்சு வழக்கு. சாலைக்கும் கட்டடத்திற்கும் இடும் உடைகல்லை இக்காலத்தார் 'ஜல்லி' என எழுதுவதும் இச்சொல்லேயாம். எனவே தீவின் பெயரில் நிற்கும் சல்லி, அலை உடைத்து ஒதுக்கிக் குவித்த பவளக் கல்துண்டுகளின் திடலைச் சுட்டியதாகக் கொள்ளுதல் பொருந்தும். இத்தீவுகள் பவளத்திட்டின்மேல் அமைந்தவை. அவற்றின் உடலாய் இருப்பவை பவளச் சில்லும் பவள மணலுமே ஆதலின், பொருளும் பெயரும் முரணின்றி ஒன்றுபடுகின்றன.

இதற்கு எதிர்பாராத ஒரு சான்று உண்டு. பாம்பனை அடுத்த தீவொன்று ஆங்கிலப் படங்களில் 'ஷிங்கிள்' எனக் குறிக்கப்பெற்றுள்ளது. அவ்வாங்கிலச் சொல்லுக்குக் கடற்கரையில் அலை ஒதுக்கிய பரற்கல் என்பது பொருள். இது சல்லி என்பதன் மொழிபெயர்ப்பா, அன்றி ஆங்கிலேயர் தம் கண்ணாற் கண்டு தாமே இட்ட பெயரா என்பது வேறு வினா. எவ்வாறாயினும், தமிழ் மீனவனும் ஆங்கில மாலுமியும் ஒரே வகைத் தீவைக் கண்டபோது ஒரே இயல்பையே முதன்மையாகக் கருதினர் என்பது தெளிவு. அவ்வாங்கிலப் பெயரைச் 'சிங்கில்' என ஒலிபெயர்த்து வழங்கும் நம்மவர்க்கு இன்று அதன் பொருள் விளங்குவதில்லை.

சல்லி என்பது சரியான வடிவம் தானா என்று ஐயுறுவாரும் இருத்தல் கூடும். ஆங்கில ஆவணங்கள் சிலவற்றில் இவ்வீறு 'ஷுல்லி' என்று ஒலிக்குமாறு எழுதப்பட்டிருத்தலே அதற்குக் காரணம். அதனைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதுவோர் 'சுல்லி' என எழுதவும், உலர்ந்த விறகாகிய 'சுள்ளி' எனத் திருத்திக்கொள்ளவும் இடமுண்டு. ஆயின், பழைய ஆங்கில எழுத்துமுறையில் உகரத்திற்குரிய எழுத்து நம் அகரத்தைக் குறிக்கவும் வந்தது. கறி என்னும் சொல்லையும், பழனி, கடப்பை என்னும் ஊர்ப்பெயர்களையும் அவர்கள் எழுதிய முறையை நினைந்தால் இது விளங்கும். பழனியை ஆங்கில எழுத்தின்படி 'புல்னி' என்று நாம் படிப்பதில்லை. அங்ஙனமே இதனையும் சல்லி என்றே படித்தல் வேண்டும். தூத்துக்குடி வட்டாரத்தில் இன்றும் பேச்சிலும் செய்தித்தாளிலும் சல்லி என்னும் வழக்கே உள்ளது.

பெயர்களின் முன்மொழிகள் இதனினும் சிக்கலானவை. விலாங்குச்சல்லி என்பதனை முதலெழுத்தை அடுத்த நெடில் இன்றி 'விலங்கு' என எழுதுவாரும் உளர். ஓர் எக்டேரும் நிரம்பாத திட்டில் விலங்கு எவ்வாறு வாழ்ந்திருக்கும்? கல்லிடுக்கில் உறையும் விலாங்கு மீனைக் குறித்ததாகக் கொள்வதே நேரிது. ஆங்கில எழுத்து குறில் நெடில் வேற்றுமையைக் காட்டாமையால் நேர்ந்த குழப்பம் இது.

காரைச்சல்லிக்குக் கரியாச்சல்லி, காரியச்சல்லி என வேறு வடிவங்களும் வழங்குகின்றன. 'கரிய சல்லி' என்பதே முதல் வடிவம் என்று ஒருவர் கூறலாம். வெயிலிலும் மழையிலும் கிடந்த பவளச்சில் கருத்துப் போதலும் உண்மையே. எனினும் கரிய என்னும் குறிப்புப் பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது. வழக்கிலோ சகரம் இரட்டித்தே ஒலிக்கின்றது. ஆங்கில வடிவில் இரட்டிப்பு இல்லையே எனின், விலாங்குச்சல்லிக்கும் அவர்கள் இரட்டிப்பின்றியே எழுதினர் ஆதலின் அது சான்றாகாது. ஆகவே காரை என்னும் பெயர்ச்சொல்லே முன்மொழி எனக் கொள்கின்றோம்.

காரை என்றால் என்ன? சுண்ணாம்புச் சாந்துக்குக் காரை என்று பெயர். முட்செடி ஒன்றற்கும் அதுவே பெயர். காரைக்குடியின் பெயர்க்காரணம் கூறுவோர் இவ்விரண்டனையும் கூறக் கேட்டிருக்கிறோம். மூன்றாவதாக, வெள்ளி போல் மின்னும் சிறுமீன் ஒன்றைக் காரை எனவும் காரல் எனவும் கடற்கரையார் வழங்குவர். இத்தீவின் கல் பிற்காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டது என்பதை அறிந்த நமக்கு, காரைக்குக் கல் தந்த சல்லி என்று பொருள் கொள்ளும் ஆசை எழுதல் இயல்பு. அவ்வாசைக்கு நாம் இடங்கொடுத்தல் ஆகாது. அருகில் இருந்த தீவு விலாங்கின் பெயரால் வழங்கியது; கீழக்கரைக் கூட்டத்தில் ஒன்று வாளை என்னும் பெயருடையது. மீன்பெயரால் இடத்தைக் குறித்தல் இக்கடலின் வழக்கம் ஆதலின், காரைமீன் கிடைக்கும் சல்லி என்பதே நம் துணிபு. பின்னர் நேர்ந்ததைக் கொண்டு முன்னைப் பெயருக்குப் பொருள் கூறுதல் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் அடிக்கடி நேரும் வழு.

ஈண்டுப் பவளம் என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இலக்கியத்தில் முத்தோடு இணைத்துப் பேசப்படும் பவளம் செந்நிற மணி. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வந்து குவிந்த பொருள்களுள் குணகடலின் துகிரையும் எண்ணுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூசு' முசிறிக்கு வந்து இறங்கிய பண்டங்களில் பவளத்தையும் சேர்க்கிறது. ஆக, அணிகலனுக்குரிய பவளம் நமக்குக் கலத்தில் வந்த பொருள். மன்னார் வளைகுடாவில் திட்டுத்திட்டாய் வளர்வது வேறு. அதன் கல்லை முருகைக்கல் என்பது தமிழ் வழக்கு. அது பொன்னொடு வைத்து எண்ணத்தக்க பொருளாக ஒருகாலும் கருதப்பட்டதில்லை. சுவருக்கும் சுண்ணாம்புக்கும் ஆன கல் அது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுக்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பார்ப்பார்க்கு, கடற்கல்லின் கண்ணறைகள் தெளிவாகத் தெரியும். பவளப்பாறை என்னும் இக்காலப் பெயர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. அறிவியல் நோக்கில் அது பொருந்துவதே. ஆயின் பழைய நூல்களைப் படிக்கும் மாணவர் இவ்வேற்றுமையை மறத்தல் கூடாது.

முத்தும் சங்கும் அரசுக்கு வருவாய் தந்தன. கொற்கைத் துறையின் முத்தைச் சங்கப் பாடல்களும் யவனர் குறிப்புகளும் ஒருங்கே பேசுகின்றன. பாண்டியர்க்குப் பின், போர்த்துகீசியரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பை விடாது பற்றியிருந்தனர். அதனால் முத்துச்சிப்பி விளையும் பார்கள் அளக்கப்பட்டன. தொள்ளாயிரம் பார் போன்ற பெயர்கள் அறிக்கைதோறும் இடம்பெற்றன. சல்லிக்கு அத்தகைய மதிப்பில்லை. வருவாய் தராத இடத்தின் பெயரைத் திருத்தமாக எழுதவேண்டிய தேவை எழுத்தர்க்குத் தோன்றவில்லை. சல்லியின் பெயர் பல வடிவாய்ச் சிதைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலை மாறியது. தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது; அதன்பின் பார்களில் சிப்பி அவ்வாறு பெருகவில்லை. முத்துக்குளிப்பு நின்ற அக்காலத்தை ஒட்டியே கடற்கல்லின் தேவை வளர்ந்தது. சுண்ணாம்புச் சூளைக்கும், கார்பைடு முதலியன செய்யும் தொழிலுக்கும் பவளக்கல் மூலப்பொருள் ஆயிற்று. வள்ளங்களில் சென்று, கடப்பாரையால் கல்லைப் பெயர்த்துக் கரை சேர்த்தனர். சிறு துண்டுகளாகிய சல்லியும் இதற்குத் தப்பவில்லை. கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் 1972-இல், மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணைப் பகுதியிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 கன மீட்டர் கல் எடுக்கப்படுவதாகக் கணக்கிட்டனர். முத்துக்குளிப்புக்குச் சலுகையும் சட்டமும் சடங்கும் இருந்தன. எந்த நாளில் எந்தப் பாரில் எத்துணைப் படகு என்ற வரையறை இருந்தது. கல்லுக்கு அவ்வகை மரபு ஏதும் இருந்ததில்லை. கல் எடுத்தவர் பெரும்பாலும் மீன்பாடு குறைந்தபோது கூலிக்குச் சென்றவர். கல்லை வாங்கி எரித்தவரும் அரைத்தவரும் கடலில் இறங்கியவர் அல்லர். அழிவுக்குப் பொறுப்பாளர் யாவர் என்று எழுதப் புகுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்.

பவளத்திட்டு தீவுக்கு வேலி. திறந்த கடலிலிருந்து வரும் அலை திட்டில் மோதி ஆற்றல் இழந்தபின்னரே தீவின் கரையைத் தொடுகிறது. திட்டு பெயர்க்கப்பட்டால் அலை தணியாது வந்து மணலையும் சில்லையும் வாரிச் செல்லும். புதிய சில்லை ஈவதற்கு உயிருள்ள பவளமும் அங்கு இராது. இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்த பவளப் பரப்பில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்துவிட்டதாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடி ஆய்வாளர் அளந்து கண்டனர். 2001-இல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2005 அளவில் கல்லெடுப்பு நின்றது. அதற்குள் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் தம் காப்பை இழந்திருந்தன. இரண்டும் இன்று நீரில் மூழ்கியவை. கடல்மட்ட உயர்வும் கடல்நீர் வெப்பமும் எஞ்சிய தீவுகளை நலிக்கின்றன. எனினும் கல்லெடுப்பே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை.

மீனவர் வழக்கில் நீருக்குள் கிடப்பது பார். நீர்மட்டத்தை ஒட்டிச் சில்லாய்க் குவிந்து கிடப்பது சல்லி. மேடிட்டு மரஞ்செடி கொண்டது தீவு என ஒரு வரிசை இப்பெயர்களில் இருந்ததாகத் தோன்றுகிறது. ஆனைப்பார் தீவாய் இருந்தும் பார் எனப்படுவதால் இவ்வரிசையை இறுகப் பற்றுதல் ஆகாது; பாரை ஒட்டிப் பின்னர் மேடிட்டதாகலும் கூடும். அவ்வரிசை உண்மையாயின், விலாங்குச்சல்லி தன் பெயரால் குறிக்கப்பட்ட நிலையிலிருந்து இறங்கி இப்பொழுது பார் ஆகிவிட்டது. அரசினர் கணக்கோ இன்றும் இருபத்தொன்று என்றே நிற்கிறது. இதனைப் பிழை என்று நாம் கூறவில்லை. பட்டியலினின்று எடுத்துவிட்டால் அப்பெயரைச் சொல்வதற்கு வேறு இடம் இராது.

காரைச்சல்லி 1969-இல் 20 எக்டேருக்கு மேற்பட்ட பரப்புடையதாக இருந்தது. பூங்காவின் பட்டியலில் அதன் பரப்பு 16 எக்டேருக்குச் சற்று மேல். 2018-இல் 6 எக்டேரும் நிரம்பவில்லை. அதே கூட்டத்து வான் தீவு இதனினும் விரைந்து தேய்ந்து, 16 எக்டேரிலிருந்து சுமார் 2 எக்டேர் அளவிற்கு ஒடுங்கிய நிலையில், 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல் அதனைச் சுற்றிச் செயற்கைத் திட்டுக் கட்டிகள் கடலில் இறக்கப்பட்டன. சென்னை ஐ. ஐ. டி. வல்லுநரும் தூத்துக்குடிக் கடல் ஆய்வாளரும் கூடி வகுத்த முறை அது. அதன்பின் அத்தீவின் தேய்வு நின்றது, மணலும் சேரலாயிற்று. அம்முறையையே பின்பற்றிக் காரைச்சல்லியை மீட்கும் பணியைத் தமிழ்நாடு அரசு 2025-இல் மேற்கொண்டது. இக்கட்டிகள் சிமெண்டும் மணலும் சல்லியும் கலந்து வார்த்தவை. அச்சல்லி உள்நாட்டுக் குன்றுகளில் உடைத்தது.

இப்பணி பற்றிய பலகைகளிலும் அறிக்கைகளிலும் தீவின் பெயர் ஒரே வடிவில் எழுதப்படுதல் வேண்டும். காரைச்சல்லி என்பதே நம் பரிந்துரை. அதனினும் விரைந்து செய்யவேண்டியது ஒன்றுண்டு. தருவைக்குளம், வைப்பாறு, வேம்பாறு முதலிய ஊர்களில், விலாங்குச்சல்லியை நீருக்குமேல் கண்டவரும், அங்கு வள்ளத்தை நிறுத்திக் கல் ஏற்றியவரும் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் சென்று, சல்லி என்று எதனை அழைத்தனர், பாருக்கும் சல்லிக்கும் எல்லை எது, புலுவினி என்பது யாது, காரை என்றது மீனையா செடியையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. அவ்விடை நம் துணிபுக்கு மாறாக வரின் அதனை ஏற்றுக்கொள்வோம்.